மேல்வீட்டுக்காரர் மேல் பழி

மார்கழிக் காலையில் குளித்துவிட்டு நிமிர்ந்தால் பாத்ரூம் சீலிங்கில் முத்து முத்தாக நீர். பெயிண்ட் உப்பியிருக்கிறது; மூலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அம்பத்தூர், ஆவடி அடுக்ககவாசிக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. பல வீடுகளில் அது மேலிருந்து இறங்கிய தண்ணீரே அல்ல. கீழே ஹீட்டரைப் போட்டுக் குளித்தவருடைய தண்ணீர்.

ஒரு கன மீட்டர் காற்று, 30 டிகிரி வெப்பத்தில் 30 கிராம் நீராவி வரை தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூமில் ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று இருக்கும். ஆவி நிரம்பிய அந்தக் காற்று 30-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் 115 கிராம் நீர் வெளியேறியாக வேண்டும். ஒரு காபி டம்ளர்! பூந்தமல்லிப் பக்கம் கடலைவிட்டு 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், மார்கழி இரவில் சுவர்கள் நன்றாகவே குளிர்ந்துவிடும்.

கோடையில் கண்ணாடி மங்காது. தொல்லை வேறு வேஷத்தில் வரும். பக்கத்துப் படுக்கையறையில் இரவெல்லாம் ஏ.சி. ஓட, நடுவிலுள்ள நாலரை அங்குலச் சுவர் பாத்ரூம் பக்கமும் குளிரும். சென்னைக் கோடைக் காற்றோ 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கக்கும் அளவுக்கு ஈரமானது. பூஞ்சைக்குச் சொட்டு நீர்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் போதும். டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே, பெயிண்டில்தான் அது குடியேறும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் சுவரைத்தான் கெடுக்கிறார்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியும் பயனில்லை என்பவர்கள் கதவின் அடியைப் பாருங்கள். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? விரலளவு இடைவெளி விடுங்கள். குளித்த பின்னும் கால் மணி நேரம் ஓடட்டும். தரைக்கும் சுவருக்கும் வைப்பர் போட்டுவிட்டால், ஆவியாக வேண்டிய நீரே பாதி குறையும்.

அப்புறமும் ஓதமா? ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஓரடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு அங்கே ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். முன்பக்கம் நனைந்திருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக் காற்று. பின்பக்கம் நனைந்திருந்தால் தாராளமாக மாடியேறிப் போய்ப் பேசுங்கள்.