கண்ணீரோடு வரும் பண்டிகை நாள்



டிசம்பர் மாதம் பிறந்தவுடன் மட்டாஞ்சேரியின் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஒளிரத் தொடங்குகின்றன. அந்த ஒளியைக் கண்டதும் சிலருடைய இருதயமோ கலங்குகிறது. சென்ற ஆண்டு உடனிருந்த கணவர் இன்று இல்லை. மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஊரிலிருக்கும் தாயைப் பார்த்துவர விடுப்பும் இல்லை, பணமும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த நாகப்பட்டினம், கன்னியாகுமரி கடற்கரைக் குடும்பங்களுக்கோ கிறிஸ்துமஸின் மறுநாளே துக்க நாள். உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட ஒரு நாள் உண்டோ?

நாம் அன்றாடம் கடந்துபோகும் யூதத் தெருவைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. 1948-ல் இஸ்ரவேல் தேசம் உருவானபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாய் அங்கே குடிபெயர்ந்தனர். யூத முறைமையின்படி சபையாய்க் கூடி ஜெபிக்க வயதுவந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் இல்லாத காலம் வந்தது. பண்டிகைக்கும் வெளியூர் யூதர்களின் வருகையை எதிர்பார்க்கவேண்டியதாயிற்று. கண்ணாடி விளக்குகள் இருந்தன. அவற்றின்கீழ் நின்று பாடியவர்கள் இல்லை.

அத்தெருவிலேயே தங்கிவிட்ட சாரா கோஹன் அம்மையார், கணவரை இழந்தபின்னும் தமது பூத்தையல் கடையைக் கைவிடவில்லை. முதிர்வயதில் அவரைப் பெற்ற தாயைப்போல் கவனித்துக்கொண்டவர் ஓர் இஸ்லாமிய அன்பர். 2019-ல் தமது 96-ஆம் வயதில் அம்மையார் மரித்தார். இனத்தார் கடல்கடந்து போனபின்பும், அருகில் வந்து அமர ஓர் அயலார் இருந்தார்.

பிரியமானவர்களே, பண்டிகை நாளில் அழுவது அவிசுவாசமா? எருசலேமில் தேவாலயத்துக்கு மீண்டும் அஸ்திபாரம் போட்ட நாளில் இளையோர் ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் அழுதார்கள். எது ஆர்ப்பரிப்பு, எது அழுகை என்று பிரித்தறிய முடியவில்லை (எஸ்றா 3:12,13). அழுதவர்களை ஒருவரும் வெளியே அனுப்பியதாக எழுதப்படவில்லை. கிறிஸ்து பிறப்பின் சரித்திரத்திலேயே பெத்லகேம் தாய்மாரின் புலம்பலும் இருக்கிறதல்லவா?

ஆகவே துக்கத்தை மறைக்க முயலாதீர்கள். மரித்தவரின் பெயரைக் குடும்ப ஜெபத்தில் சொல்லி, அவரைத் தந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அந்த நாளை எங்கே, யாருடன் கழிப்பது என்பதை முன்னமே தீர்மானியுங்கள். எல்லா அழைப்புக்கும் இணங்கவேண்டியதில்லை. ஆராதனை முடிந்தவுடன் வீடு திரும்பினாலும் குற்றமில்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு நீங்களே முதலாவது தொலைபேசியில் பேசுங்கள். அங்கேயும் ஒரு நாற்காலி வெறுமையாயிருக்கிறது. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இல்லாமற்போனால், அல்லது வாழவே விருப்பமற்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், உடனே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவல்ல.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு இறுதி ஆராதனையில் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து ஆசீர்வாதங்களைச் சாட்சி சொல்லும்போது, கடைசி வரிசையில் ஒரு சகோதரி தலைகுனிந்து அமர்ந்திருப்பார். "அழாதீர்கள், எல்லாம் நன்மைக்கே" என்று அவசரமாய்ச் சொல்லிவிடாதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த ஆண்டவரும், மரியாள் அழுவதைக் கண்டபோது முதலில் கண்ணீர்விட்டார் அல்லவா? நெகேமியாவின் நாட்களில், பண்டிகை கொண்டாடினவர்கள் ஒன்றும் ஆயத்தம்பண்ணாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பும்படி சொல்லப்பட்டார்கள் (நெகேமியா 8:10). துக்கத்தால் அடுப்பு மூட்டாத வீடு உங்கள் தெருவில் எது?

இந்தக் கிறிஸ்துமஸ் நாளில் உங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். தனித்திருக்கும் ஒருவரை நேரில் சென்று அழைத்து வாருங்கள். வர மனமில்லாதவருக்கு உணவை எடுத்துச் சென்று, அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் உடன் அமர்ந்திருங்கள். சகல ஆறுதலின் தேவன் தாமே உங்களைத் தேற்றி, மற்றவர்களைத் தேற்றவும் பெலன் தருவாராக.