மலைக்காற்றுக்குச் சாட்சி பாசி

கொடைக்கானலின் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கிருந்து காற்றில் கலந்த பாதரசத்துக்கு, மரங்களில் படர்ந்திருந்த பாசியும் லைக்கனும் சாட்சி கூறின. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் ஆய்வு 2003-இல் வெளியானது.

இது குளத்துப் பாசி அன்று. பாறையிலும் மரப்பட்டையிலும் பச்சைப் போர்வையாகப் படரும் ‘மாஸ்’. இதற்கு உண்மையான வேர் கிடையாது. இலையில் மெழுகுப் பூச்சும் பெரும்பாலும் இல்லை. மழை, மூடுபனி, தூசி ஆகியவற்றோடு வருவதை உடல் முழுவதாலும் ஏற்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அதிலேயே தங்கிவிடுகின்றன. மழை மிகுந்த மலைச்சரிவுகளில் இப்படிவு கூடுதலாக இருக்கக்கூடும். ‘ஹைலோகோமியம்’ என்னும் வடபுலத்துப் பாசி ஆண்டுக்கொரு படியாக வளர்வதால், எந்த ஆண்டின் வளர்ச்சி எது என்றும் பிரித்தறியலாம்.

1960-களின் இறுதியில் ஸ்வீடனில் உருவான இம்முறையில், 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் பலவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கின்றன. பெட்ரோலிலிருந்து ஈயம் விலக்கப்பட்டதன் பயனைப் பாசியில் குறைந்துவந்த ஈயமே காட்டியது.

பாசி மனிதர் சுவாசித்த அளவைச் சொல்லாது. எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதையே சொல்லும். ஆயினும் மின்சாரமோ காவலோ வேண்டாத இக்கருவி பழனி மலையிலும் நீலகிரியிலும் தானே வளர்ந்து நிற்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே காலமுறைக் கணக்கெடுப்பைத் தொடங்கவேண்டும். ஆலைகள் மூடப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.