கடுக்காயும் தலையணை உறையும்

மருதாணி போட்டு, அலசி, காயவைத்துப் படுத்த மறுநாள் காலையில் தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தால் துவரம்பருப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். சட்டைக் காலரின் உள்பக்கத்தில் ஒரு கோடு. வண்டி ஓட்டுகிறவர் என்றால் ஹெல்மெட்டின் உள்பஞ்சிலும் அதே நிறம். பார்த்ததும் எல்லோரும் சொல்வது இரண்டே காரணங்கள்தான்: ஒன்று, பொடி கலப்படம்; இரண்டு, சாயம் முடியில் பிடிக்கவில்லை. அடுத்த முறை பிடிக்கவைக்க எதையாவது சேர்க்க வேண்டும் என்ற யோசனையும் கூடவே வந்துவிடும். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அந்த ‘எதையாவது’ என்பதற்குக் கைக்கெட்டிய பதில் கடுக்காய். மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் பொறுக்கிக் கொண்டுவரும் காட்டுப் பொருள்களில் அதுதான் பேர்போனது; தோல் பதனிடுகிறவர்களும் துணிக்குச் சாயம் போடுகிறவர்களும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் வாங்குகிறார்கள். துணியில் சாயத்தை நிறுத்துகிற காய் முடியில் நிறுத்தாதா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியின் அடிப்படையே பிசகு. தலையணையில் இறங்கியது முடியை விட்டுப் போன சாயம் அல்ல. அது முடியைப் பிடிக்கவே பிடிக்காத மிச்சம். மிச்சத்தை நிறுத்திவைக்க வழி தேடுவதைவிட வெளியேற்ற வழி தேடுவதுதான் வேலைக்கு ஆகும்.

மருதாணி இலையில் சிவப்பு என்று தனியாக எதுவும் தெரிவதில்லை. இலையை அரைத்தோ பொடியை நனைத்தோ வைக்கும்போது அதிலுள்ள சர்க்கரைக் கட்டு அவிழ்ந்து, காற்று பட்டு, லாசோன் என்ற சாயப்பொருள் உருவாகிறது. நூறு கிராம் காய்ந்த பொடியில் அது பெரும்பாலும் ஓரிரண்டு கிராம்தான் தேறும். மற்றதெல்லாம் இலைநார், பசை, பச்சையம், துவர்ப்பு. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் உள்ளங்கையின் மேல்தோலும் அதே சரக்கு. லாசோன் இந்தப் புரதத்தோடு நேரடியாகவே வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். இடையில் தரகர் யாரும் வேண்டாம். ஆனால் முடியின் வெளிப்பக்கம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கிறது. பிணைப்புக்குக் கிடைக்கும் இடங்களுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு தலைக்கு நூறோ இருநூறோ கிராம் பொடியைக் குழைத்து அப்பினால், இடம் கிடைத்த சாயம் ஒட்டிக்கொள்ளும். கிடைக்காதது செதில் இடுக்குகளிலும், அலசியும் போகாத நுண்ணிய இலைத்துகள்களிலும் தங்கிவிடும். இரவில் பிடரி வியர்த்ததும் அந்தத் துகள்கள் நனைந்து சாயத்தை உறைக்குக் கொடுத்துவிடுகின்றன. சித்திரை, வைகாசியில் கறை அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் பொடி அல்ல, வியர்வை.

பிடித்த சாயம் போவதில்லை என்பதற்கு நல்ல சாட்சி, மருதாணியை எடுக்க முயன்று தோற்றவர்கள். நிறம் பிடிக்கவில்லை என்று எண்ணெய் வைத்து ஊறவிட்டவர்களையும் ஷாம்பூவாகத் தேய்த்தவர்களையும் பியூட்டி பார்லர்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். கடைசியில் முடி வளர்ந்து, நிறம் பட்ட பகுதியை வெட்டி எறிந்தால்தான் விமோசனம். நரைமுடியில் வேர்ப்பக்கம் வெள்ளைக்கோடு விழுவது புதிய முடி முளைப்பதால்தானே தவிர, பழைய முடி வெளுத்ததால் அல்ல. இதற்கு நேரெதிரான கதை ‘மெட்ராஸ் துணி’. 1958 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்குப் போன சென்னைக் கட்டம்போட்ட துணி, முதல் சலவையிலேயே நிறம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வாங்கியவர்கள் சண்டைக்கு வர, விளம்பரக்காரர்கள் சமாளித்து, சாயம் ஓடும் என்பதையே உத்தரவாதமாகச் சொல்லி விற்றார்கள் என்பது ஜவுளி வியாபாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அங்கே துணி உண்மையிலேயே தன் நிறத்தை இழந்தது. துவைக்கத் துவைக்க வெளிறியது. மருதாணித் தலை அப்படி வெளிறுவதில்லை. கறை இறங்கிக்கொண்டிருக்கும் அதே இரண்டு நாளில்தான் முடியின் நிறம் பளீர் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்புக்குக் கறுத்து வருகிறது. இரண்டையும் ஒரே ‘சாயம் போகுது’ என்ற வார்த்தையில் அடக்கிவிடுவதால்தான் மருந்து மாறிப்போகிறது.

இனி கடுக்காய். அதன் தோலில் சுமார் 30 சதவீதம் துவர்ப்புப் பொருள், அதாவது டானின். கருப்பூர் கலம்காரி போன்ற துணி வேலையில் அதற்குத் தனி மரியாதை உண்டு. பருத்தி நூல் புரதம் அல்ல, செல்லுலோஸ். பல இயற்கைச் சாயங்களுக்கு அதில் கால் ஊன்ற இடமில்லை. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்தால் துவர்ப்பு நூலில் ஏறுகிறது. அது படிகாரத்தைப் பிடிக்கிறது. படிகாரம் சாயவேரின் சிவப்பைப் பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தொட்டு எழுதினால் அதே துவர்ப்பு கறுப்பாகிறது. இந்தச் சங்கிலி முழுவதும் பிடிமானம் இல்லாத பருத்திக்காக ஏற்பட்டது. தானே பிடிமானம் உள்ள முடிக்கும், தானே பிணையும் லாசோனுக்கும் நடுவில் அதற்கு வேலை இல்லை. ஆட்டுத்தோலைப் பதமாக்குகிற துவர்ப்பு முடியில் மட்டும் ஒட்டாதா என்று கேட்கலாம். கொஞ்சம் ஒட்டும், மறுப்பதற்கில்லை. இரும்புச் சட்டியில் கடுக்காயோடு ஊறவைத்த மருதாணி கறுப்பு தட்டுவதும் கண்கூடு. நிறத்தை இருட்டாக்கிக் காட்ட வேண்டும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் நிறத்தை மாற்றுவது வேறு, மிச்சத்தை நிறுத்துவது வேறு. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு, பழைய மசி மாதிரி நுண்துகளாக முடிமேல் படிகிறது. ஏற்கனவே ஒரு மிச்சம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

எலுமிச்சை, வினிகர் கதை இன்னும் சூட்சுமமானது, ஏனென்றால் அது பலித்த மாதிரி காட்டும். லாசோன் தானே ஓர் அமிலம். புளித்த தண்ணீரில் அது கரைய மறுக்கும். காரமான தண்ணீரில் கரைந்து செக்கச்செவேல் என்று இறங்கும். எனவே கடைசி அலசலில் எலுமிச்சை பிழிந்தால் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. ‘நின்றுவிட்டது’ என்று மனமும் தெளிகிறது. உண்மையில் மிச்சம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வியர்வைக்கோ அடுத்த சோப்புக்கோ காத்துக்கொண்டு. மிச்சம் போனபிறகு, முடி மிருதுவாக இருக்க மிகவும் நீர்த்த எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. முன்பே ஊற்றுவது கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பெருக்குவது மாதிரி.

அப்படியானால் வெளியேற்றுவது எப்படி? இங்கேதான் பெரும்பாலோர் தண்ணீரைக் கொட்டியும் ஏமாறுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிழிந்தபிறகும் அடர்த்தியான கூந்தலில் 200 மில்லி தண்ணீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றி அலசிப் பிழிந்தால் கரைந்த சாயத்தில் பதினொன்றில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். அதே இரண்டு லிட்டரை அரை அரை லிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் அலசிப் பிழிந்தால், நிற்பது சுமார் நூற்றைம்பதில் ஒரு பங்கு. தண்ணீர் அதே தண்ணீர்தான். பிழிந்த தடவைகள்தான் வித்தியாசம். எனவே குனிந்து, முடியை வாளியில் முக்கி, விரல்களால் கோதிப் பிரித்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி முக்க வேண்டும். வெள்ளை மக்கில் பிடித்த தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு வரும்வரை இதைச் செய்யலாம். முழுத் தெளிவுக்காக விடியும்வரை நிற்க வேண்டியதில்லை. துகள்கள் தண்ணீரில் கரைபவை அல்ல, வழுக்கி வெளியேற வேண்டியவை. அதற்குக் கண்டிஷனர் கை நிறைய எடுத்துத் தடவி, அகலப் பல் சீப்பால் சீவி அலசுவதுதான் கைகண்ட வழி. ஷாம்பூவோ சீயக்காயோ மூன்றாம் நாள் போதும். செதிலுக்குள் இன்னும் பிணையாமல் இருக்கும் சாயத்துக்கு அந்த அவகாசம் உதவும். சீயக்காயை, அரப்பை அப்படியே தூளாகத் தேய்ப்பது ஒரு துகளை எடுக்க இன்னொரு துகளைப் போடுவதுதான். ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் மேல். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் தெருக்களில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடாமல் இருப்பது நல்லது: சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பிசுக்கு முடியில் படிந்து துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

‘எங்கள் பாட்டி காலத்தில் இலையை அம்மியில் அரைத்துத்தான் பூசினார்கள், ஒரு சொட்டு இறங்கியதில்லை’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கால இலையின் மகிமை என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர்; எடைக்கு எடை சாயம் குறைவு. அம்மியில் அரைபட்ட இலை திப்பித்திப்பியாக இருக்கும், உதறினால் விழுந்துவிடும். இன்றைய பொடியோ ராஜஸ்தானின் சோஜத் பக்கத்தில் விளைந்து, ஆலையில் மாவாக அரைபட்டு, சலித்து வருவது. செதில் இடுக்கில் நுழைய அதற்கு எந்தத் தடையும் இல்லை. அதைவிட முக்கியம், குளித்த இடம். கோமுகியிலோ மணிமுக்தாவிலோ ஓடுகிற தண்ணீரில் அரைமணி நேரம் தலையை விட்டிருந்தவர் மேலே சொன்ன கணக்கை அறியாமலே போட்டு முடித்திருப்பார். குளியலறையில் ஐந்து மக் ஊற்றியவர் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. படுத்ததும் கோரைப்பாயில், வெள்ளை உறையில் அல்ல.

கலப்படச் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. சோடியம் பிக்ரமேட் போன்ற செயற்கைச் சாயமும், பழைய பொடியைப் புதிதாகக் காட்டப் பச்சை நிறமும் சில பொடிகளில் சேர்க்கப்படுவதுண்டு. இதைக் கறையின் அளவைவிடக் கறையின் ஆயுள்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று குளியலில் தேய்ந்து மறைந்தால் அது மிச்சம். ஒழுங்காக அலசியும் ஒரு மாதம் கழித்துக் குளிக்கும் தண்ணீர் ஆரஞ்சாகவே வந்தால் பொடியைச் சந்தேகிக்கலாம். ஆனால் கறையே இறங்காததைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது ஆபத்தான தலைகீழ். அரைமணியில் கருகருவென்று பிடித்து, தலையணையில் பொட்டுகூட வைக்காத ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் வேலை செய்வது மருதாணி அல்ல, பிபிடி என்ற டை மருந்து. அது முடிக்குள் நுழைந்து பெரிய மூலக்கூறாக மாறிச் சிக்கிக்கொள்வதால்தான் வெளியே வருவதில்லை. சிலருக்குக் கொப்புளமும் முகவீக்கமும் கொடுப்பதும் அதுதான். அமெரிக்காவின் தொடுதோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. சுத்த மருதாணியும் எல்லோருக்கும் சாது அல்ல: ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பூசி ரத்த அணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

மருதாணிக்கு மேல் அவுரி போட்டுக் கறுப்பாக்குகிறவர்களுக்குக் கறை நீலமாக வரும். 2019 வரை கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் சுற்றுவட்டாரத்து அவுரி பழைய சரக்கு. அது முடியோடு பிணைப்பு எதுவும் போடுவதில்லை. உள்ளே போய்க் காற்றுப்பட்டுக் கரையாத நீலமாக உறைந்து அடைபட்டு நிற்கிறது, புது ஜீன்ஸில் நிற்பது போல. எனவே அதன் கறை ஈரத்தைவிட உரசலில் இறங்கும், மருதாணியைவிட நாள்பிடிக்கும். துண்டால் முறுக்கித் துவட்டாமல் ஒற்றியெடுப்பது இதற்குத்தான்.

எவ்வளவு அலசினாலும் முதல் இரண்டு இரவுக்குப் பழைய துண்டு ஒன்றைத் தலையணைமேல் விரிப்பது புத்திசாலித்தனம். முடி முழுக்கக் காயாமல் படுக்காமல் இருப்பது அதைவிட. உறையில் பட்டுவிட்டால் காயவிடாமல் சலவைத்தூள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காரத்தில் லாசோன் கரையும் என்ற அதே விதி இப்போது நமக்குச் சாதகம். பருத்தியில் அதற்குப் பிடிமானமும் குறைவு. இரண்டு மூன்று துவைப்பில் நன்றாக மங்கிவிடும். கடுக்காயும் இரும்புச் சட்டியும் சேர்த்தவர்களின் உறையில்தான் சிக்கல். முடியில் நிற்கவைப்பதற்காகச் சேர்த்த துவர்ப்பும் இரும்பும் வியர்வையோடு இறங்கி, தங்களுக்குப் பழக்கமான பருத்தியைக் கண்டதும் அங்கே சாம்பல் நிறத்தில் குடியேறிவிடும். அதற்குச் சலவைத்தூள் ஏறாது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இரும்புத் துருவாகிப் பழுப்பு விழும். கறைமேல் எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவி, வெயிலில் வைத்து அலசினால் போகும். தலைக்கென்று வாங்கிவைத்த எலுமிச்சைக்குச் சரியான வேலை அதுதான்.