கூமாப்பட்டியும் கிரேக்கர் சரித்திரமும்

வத்திராயிருப்புக்கு அணித்தே மலையடிவாரத்திலுள்ள கூமாப்பட்டியின் பெயர் 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாடெங்கும் அடிபட்டது. கைப்பேசிகளில் உலவிய ஒரு சிறு படக்காட்சி அதனைத் தனித்தீவென்றும், அதன் தண்ணீர் மருந்தென்றும் புகழ்ந்தது. நம்பி வந்தோர் கண்டது வயலும் தோப்பும் மலையும் பிளவக்கல் அணையுமே. அணையிற் குளிக்க அனுமதியில்லையென்று அதிகாரிகள் அறிவிக்கவும் நேர்ந்தது. ஊர்மேல் குற்றமில்லை, அது பார்க்கத்தக்க அழகிய ஊரே.

இதனைக் கேட்டிருந்தால் லூக்கியன் என்னும் ஆசிரியர் வாய்விட்டு நகைத்திருப்பார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம ராஜ்யத்தில் கிரேக்க பாஷையில் எழுதிய அவர், சரித்திரம் எழுதும் முறையைப்பற்றித் தனி நூலொன்று இயற்றினார். ரோமர் பார்த்தியரோடு புரிந்த யுத்தத்தைப்பற்றி, வீட்டை விட்டு வெளிப்படாதவரெல்லாம் அக்காலத்தில் சரித்திரம் எழுதலாயினர். அவருள் ஒருவர், லூக்கியன் பிறந்த சமோசாதா நகரையே கோட்டை மதில்களோடு பெயர்த்து, இரு நதிகளுக்கிடையே வைத்துவிட்டாராம்! சரித்திராசிரியன் எழுதும்போது அரசனுமில்லாதவன், ஊருமில்லாதவன் ஆகவேண்டும் என்பது லூக்கியனுடைய கொள்கை.

அவருக்கு முன்னரே பொலிபியஸ், ஏதென்ஸ் நகரில் ஐம்பதாண்டு புத்தகங்களிடையே அமர்ந்து எழுதிய திமேயுஸைக் கடிந்துரைத்தார். ஹானிபால் சென்ற வழியை அறிய அவர் தாமே ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பார்த்தவர். துசிதிதிஸோ, கி.மு. 424-இல் அம்பிபொலிஸ் நகரைக் காக்கத் தவறி, இருபதாண்டு நாடுகடத்தப்பட்ட ஏதென்ஸ் சேனாபதி. அதனால் இரு கட்சியாரிடமும் விசாரிக்க அவருக்கு வாய்த்தது. தம் நூலிலுள்ள பிரசங்கங்களைச் சொல்லுக்குச் சொல் நினைவுகூர்தல் அரிதென்றும், சமயத்துக்கு ஏற்றதைப் பேசியிருக்கக்கூடியவாறு அமைத்ததாகவும் அவரே ஒப்புக்கொண்டார். நம்மவரில் எத்தனை பேர், 1959-ஆம் வருஷத்துச் சினிமாவில் கட்டபொம்மன் பேசிய வசனத்தை, 1798-இல் இராமநாதபுரத்தில் ஜாக்ஸன் துரையிடம் அவர் பேசிய பேச்சென்றே எண்ணியிருக்கிறோம்! சினிமாக்காரர் சரித்திரம் எழுதியதாகச் சொல்லவில்லை. நாமே அப்படி ஏற்றுக்கொண்டோம்.

இனி நம் பகைவர் எழுதிய சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னைக் கவுன்சிலில் அங்கத்தினராயிருந்த ராபர்ட் ஆர்ம், கும்பினியாரின் யுத்த சரித்திரத்தை 1763 முதல் வெளியிட்டார். கும்பினிக்கே உத்தியோக சரித்திராசிரியராகவும் இருந்தவர். அவரிடம் பட்சபாதம் இல்லையென்று யாம் சொல்லோம். ஆயினும் 1755-இல் கர்னல் ஹெரன் படையார் மதுரைக்கு அருகே கோயில்குடியில் விக்கிரகங்களைக் கவர்ந்ததையும், திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் அப்படையை மறித்துச் சூறையாடியதையும், 'சாமி, சாமி' என்று கூவியவாறு தம் தெய்வங்களை மீட்டுச் சென்றதையும் அவர் மறைக்கவில்லை. தம்மவர் பட்ட அவமானத்தை எழுதிவைத்தார். வாசுதேவநல்லூரில் பூலித்தேவர்முன் யூசுப்கான் படை பின்வாங்கியதும் அவர் நூலால் நாம் அறிவதே. அந்த யூசுப்கானையே 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டனர்.

நம் தேசாபிமானிகள் இதிலே மனங்கூச வேண்டுவது ஒன்றுண்டு. நத்தம் கணவாயில் நின்ற கள்ளர் யார் யார், யார் ஏவினர், விக்கிரகங்கள் எவ்வழியாக ஊர் சேர்ந்தன என்பனவற்றை அவர்கள் வாயிலாகவே கேட்டு எழுதிவைத்த நூல் நம்மிடம் இல்லை. புதுச்சேரியிலே ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். துப்பாஷியாயினும் பிரெஞ்சுக்காரரின் குறைகளையும் விடாமல் குறித்தார். சேத்தூர், கொல்லங்கொண்டான், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களில் அத்தகைய ஒரு பிள்ளை இருந்திருப்பின், நாம் இன்று பூலித்தேவரின் வீரத்தை அறிய ஆர்மின் புத்தகத்தைப் புரட்டவேண்டியதில்லை.