நீச்சல் தெரியும், தப்பிக்கத் தெரியுமா?

ஏப்ரல் வந்தா போதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரு போஸ்டர் இருக்கும்: சம்மர் கேம்ப், 21 நாளில் நீச்சல். குழந்தை குளத்தோட இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஃப்ரீஸ்டைல் அடிச்சதும் மெடல், போட்டோ, ஸ்டேட்டஸ். "பையனுக்கு நீச்சல் வந்துடுச்சு"ன்னு வீட்டுல எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரின்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

நம்ம துறையில ஒரு பேச்சு உண்டு, டெஸ்ட்ல ஓடுது, ப்ரொடக்‌ஷன்ல படுத்துடுச்சுன்னு. நீச்சல் குளம் ஒரு டெஸ்ட் சூழல். தண்ணி தெளிவா இருக்கும், கண்ணாடி போட்டிருப்பான், நீச்சல் உடை, பிடிச்சுக்க விளிம்பு, எப்போ குதிக்கணும்னு சொல்ல கோச். இப்போ நம்ம ஏரியாவை யோசிங்க. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம். இங்கெல்லாம் தண்ணி கலங்கல், அடியில சேறு, மண் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு மேலே இருந்து தெரியாது. மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகள் இருக்கு. 2017 வறட்சியில சென்னைக்கே குடிதண்ணி எடுத்த இடம். அப்படின்னா எவ்வளவு ஆழம்னு யோசிச்சுக்கோங்க. குவாரியில கரை சரிவா இறங்காது, சுவர் மாதிரி செங்குத்தா இருக்கும். ஒரு அடி தள்ளி வெச்சா நேரா ஆழம், ஏறி வரப் பிடிமானமும் கிடையாது. ஸ்கூல் பேன்ட், சட்டையோட வழுக்கி விழுற பையனுக்கு ஃப்ரீஸ்டைல் ஸ்டைல் மார்க் எதுக்கு?

இன்னொரு விஷயம். சினிமாவுல மூழ்குறவங்க கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துவாங்க. நிஜத்துல பெரும்பாலும் சத்தமே வராது. பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதை 1970கள்ல படம் பிடிச்சே ஆராய்ஞ்சார். வாய் தண்ணிக்கு மேல வர்ற ஒரு நொடியில மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கு, கத்த நேரம் இல்ல. கைகள் தானா பக்கவாட்டுல தண்ணியை அழுத்தும், ஆட்ட முடியாது. உடம்பு நெட்டுக்குத்தா நிக்கும். இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிதான். பக்கத்துல போன் பார்த்துட்டு இருக்குறவருக்கு "குழந்தை விளையாடுது"ன்னுதான் தோணும்.

அப்போ என்ன கத்துக்கொடுக்கணும்? அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் இதை 5 திறனா வரிசைப்படுத்தியிருக்கு. தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணியில குதிச்சு மேலே வரணும். ஒரு நிமிஷம் மிதக்கணும், இல்லன்னா கால் அடிச்சு நின்ன இடத்துல நிக்கணும். ஒரு முழு சுற்று திரும்பி, எந்தப் பக்கம் கரைன்னு கண்டுபிடிக்கணும். 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் நீந்தி அங்க போகணும். கடைசியா, ஏணி இல்லாம வெளியே ஏறணும். கவனிங்க, வேகம் எங்கேயும் வரல. நெதர்லாந்துல ஒரு படி மேலே. அங்க குழந்தைங்க நீச்சல் சான்றிதழ் வாங்கணும்னா துணி, ஷூ போட்டுக்கிட்டே நீந்திக் காட்டணும்.

என் அக்கா பையனுக்கு 8 வயசு. கேம்ப் முடிச்ச பிறகு, ஆழம் குறைஞ்ச பக்கத்துல, கோச் கூட நிக்க, பேன்ட் டீ-ஷர்ட்டோட இறக்கிப் பார்த்தோம். "மாமா, யாரோ காலைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு"ன்னான். மல்லாந்து மிதக்கப் பழகின பிறகுதான் அந்தப் பயம் போச்சு. மூச்சு விட முடிஞ்சா யோசிக்க முடியும், அவ்வளவுதான் கணக்கு.

இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்குத்தானேன்னு கேட்கலாம். வங்கதேசத்துல ஸ்விம்சேஃப் திட்டத்துல, கிராமத்துக் குளத்துலயே மூங்கில் மேடை கட்டித்தான் கத்துக்கொடுக்குறாங்க. 25 மீட்டர் நீந்தணும், 30 நொடி மிதக்கணும், தண்ணியில இறங்காம இன்னொருத்தரைக் காப்பாத்தத் தெரியணும். நம்ம ஊர்லயும் இடுப்புல கயிறும் சுரைக்குடுக்கையும் கட்டி கிணத்துல இறக்கிவிட்டுத்தான் தாத்தாக்கள் கத்துக்கிட்டாங்க.

அந்த மூணாவது திறன் ரொம்ப முக்கியம். ஒருத்தன் மூழ்க, காப்பாத்தக் குதிச்ச நண்பனும் போயிட்டான்னு எத்தனை செய்தி படிச்சிருக்கோம்! பயத்துல இருக்குறவன் கிடைச்சதை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பான். 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில 4 இளைஞர்கள் மூழ்கினப்போ, செந்தமிழ்செல்வி, சுந்தரபாள், அனந்தவல்லின்னு 3 பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி 2 பேரை இழுத்துப் போட்டாங்க. மத்த 2 பேரைக் காப்பாத்த முடியல. தமிழக அரசு அவங்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. குழந்தைக்கு இதையே பாடமா சொல்லுங்க: கத்தி ஆளைக் கூப்பிடு, குப்புறப் படுத்து கம்பு நீட்டு, கயிறோ துப்பட்டாவோ மூடின காலி வாட்டர் கேனோ வீசு, நீ இறங்காதே.

வெளியே எடுத்த பிறகு வயித்தை அமுக்குறது, தலைகீழா தூக்குறது வேண்டாம். மூச்சு இல்லன்னா வாயோடு வாய் வெச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தணும். கூடவே ஒருத்தர் 108க்கு அடிக்கணும்.

திறமை இருந்தாலும் கண்காணிப்புக்கு மாற்று கிடையாது. 2012 ஆகஸ்ட்ல கே.கே.நகர்ல ஒரு பள்ளி நீச்சல் வகுப்பிலேயே நாலாம் வகுப்பு மாணவன் ஒருத்தன் இறந்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல மட்டும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்காங்க, கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் 5 வயசுக்கும் கீழே. அந்த வயசுக்கு ஏரி தேவையில்ல, மூடி போடாத சம்ப், பாத்ரூம் வாளி போதும்.

அதனால இந்த வருஷம் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேம்ப்ல 4 கேள்வி கேளுங்க. ஒரு கோச்சுக்கு எத்தனை குழந்தை? கோச் ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மத்தவங்களை யார் பார்ப்பாங்க? மிதக்கச் சொல்லித்தருவீங்களா? துணியோட ஒரு நாளாவது இறக்குவீங்களா? பதில் சரியில்லன்னா வேற இடம் பாருங்க. இந்த எபிசோடை உங்க அபார்ட்மென்ட் குரூப்ல, அந்த போஸ்டருக்குக் கீழேயே போட்டு விடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.