ஜிம்முக்குப் போனால் எதையும் சாப்பிடலாமா?

ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், தொப்பை உள்ளவர்கள், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள். இப்போது அதே ரிப்போர்ட்டை இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். தோள் அகன்று, புஜம் திரண்டு, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், நான் தினமும் ஜிம்முக்குப் போறேன். எனக்கு எப்படி?"

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் முட்டை, ஓட்ஸ், வாழைப்பழம் என்று ஒப்பிப்பார்கள். ராத்திரி ஜிம் முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போதுதான் குரல் இறங்கும். சில நாள் சிக்கன் ரைஸ், சில நாள் பரோட்டா, நண்பர்கள் சேர்ந்தால் கிரில், கூடவே ஒரு கூல்டிரிங்க்ஸ். வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டால் கூட வந்த அம்மாதான் பதில் சொல்கிறார்.

உடற்பயிற்சி செய்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த உழைப்பு கண்ணெதிரே வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எரித்ததைத்தானே சாப்பிடுகிறேன்?

இந்தக் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் பளு தூக்கினால், நடுவில் ஓய்வெடுப்பதையும் சேர்த்து, செலவாவது 250 முதல் 350 கலோரி. டிரெட்மில் திரையும் கைக்கடிகாரமும் பல நேரம் இதைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து என்னிடம் காட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது தட்டைப் பாருங்கள். ஒரு பரோட்டா, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, 250 முதல் 300 கலோரி. யாரும் ஒன்றோடு எழுந்திருப்பதில்லை. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சேர்ந்தால் 600-ஐத் தாண்டும். முழு பிளேட் சிக்கன் ஃபிரைடு ரைஸ் 800-ஐ எளிதாகத் தொடும். அரை லிட்டர் குளிர்பானத்தில் மட்டும் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை, அதாவது பத்து தேக்கரண்டி. ஒரு மணி நேரத்தில் செலவழித்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது.

வியர்வையோடு கொழுப்பும் வெளியேறிவிடுகிறது என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியர்வையில் போவது நீரும் உப்பும். கரைகிற கொழுப்பின் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சு வழியேதான் வெளியேறுகிறது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவதாலும், ஏசியை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்வதாலும் கூடுதலாகக் கரைவது ஒன்றுமில்லை. உடலில் நீர்தான் வற்றும்.

சிக்கன் என்றால் புரோட்டீன்தானே?

ஷவர்மாவில் சிக்கன் இருக்கிறது, உண்மை. கூடவே மைதா ரொட்டி, மயோனைஸ், வறுத்த உருளைக்கிழங்கு, உப்பு எல்லாம் இருக்கின்றன. புரோட்டீனை நினைத்துக்கொண்டு கொழுப்பையும் மாவையும் விழுங்குகிறோம். சிக்கன் 65, சில்லி சிக்கன் கதையும் இதுதான். திரும்பத் திரும்பச் சூடாக்கிக் கறுத்த எண்ணெய் அதற்கு மேல் ஒரு கேடு.

மயோனைஸைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் நம் ஊர் வெயிலில் ஒரு டப்பாவில் மணிக்கணக்காக நிற்கிறது. ஒரே கரண்டி எல்லா ரொட்டிக்கும் போய் வருகிறது. டப்பா காலியாகும் முன்பே மேலேயே புதிதாக ஊற்றுகிறார்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருக இதைவிட வசதியான இடம் கிடையாது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது இதனால்தான். கேரளம் 2023-லேயே தடுத்தது. நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுச் சிறுமி இறந்துபோனதை அதற்குள் மறந்துவிட்டோமா?

"நான் போற கடையில அஜினோமோட்டோ போடறதில்ல டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். வழக்கமான அளவில் அஜினோமோட்டோ பெரிய வில்லன் இல்லை. எண்ணெய், மைதா, சர்க்கரை, உப்பு என்ற நான்கையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துத் தொங்குகிறோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாஸ் ஊற்றிப் புரட்டிய ஒரு பிளேட் ரைஸில் அதில் பாதி எளிதில் போய்விடும். வியர்த்ததால் உப்பு வேண்டும் என்பதும் சாக்குதான். ஒரு மணி நேரப் பயிற்சியில் இழந்த உப்பை வீட்டுச் சாம்பாரும் ரசமுமே ஈடுகட்டிவிடும்.

பச்சை முட்டையை அப்படியே உடைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதத்தை உடல் ஏற்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதியைத்தான். குறைவான புரதத்துக்காகக் கூடுதலான கிருமியை வாங்கிக்கொள்வானேன்?

வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லியிருக்கிறதாமே!

பயிற்சிக்குப் பின் துரித உணவு சாப்பிடலாம் என்று ஒரு ஆராய்ச்சியைச் செல்போனில் காட்டி வாதாடுகிறார்கள். அது உண்மையான ஆராய்ச்சிதான். அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்டது. 90 நிமிடம் கடுமையாக சைக்கிள் ஓட்டியபின் ஒரு முறை துரித உணவும் இன்னொரு முறை விளையாட்டு வீரர்களுக்கான பார், பானம் போன்றவையும் கொடுத்தார்கள். தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மீண்டும் சேர்வதிலும், பிறகு ஓட்டிய 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்திலும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் கலந்துகொண்டவர்கள் பதினோரு பேர். எல்லோரும் பயிற்சி பெற்ற ஆண்கள். சாப்பாட்டை அளந்து சிறு பங்குகளாகத்தான் கொடுத்தார்கள். பார்த்தது சில மணி நேரத்தை மட்டும். விலை உயர்ந்த பாரும் பவுடரும் இல்லாவிட்டாலும் தசை மீளும் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. இட்லி, சாம்பார், வாழைப்பழத்தாலும் அதே வேலை நடக்கும். வாரத்தில் நான்கு நாள், இரவு பத்து மணிக்கு, வயிறு முட்ட ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டால் ஐந்து வருடத்தில் கல்லீரல் என்ன ஆகும் என்று அந்த ஆராய்ச்சி கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் என் மேசையில் ரிப்போர்ட்டாக வந்து விழுகிறது.

அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் தசை கரைந்துவிடுமா?

கரையாது. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் புரோட்டீன் போயாக வேண்டும் என்று டிரெய்னர்கள் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் வீடு வரை பொறுக்காமல் முதல் கடையிலேயே நிற்கிறார்கள். தசையைக் கட்டும் வேலை பயிற்சிக்குப் பிறகு ஒரு நாளும் அதற்கு மேலும் நடக்கிறது. ஒரு நாள் முழுக்க எவ்வளவு புரதம் சாப்பிட்டீர்கள் என்பதுதான் முக்கியம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் சாப்பிட்டால் ஒரு கிராம் தசையும் போய்விடாது.

ஒல்லியாக இருப்பவர்கள் தங்களுக்குக் கல்லீரல் கொழுப்போ சர்க்கரை நோயோ வராது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் எடை கூடாமலேயே கல்லீரலில் கொழுப்பு சேருகிறது, சர்க்கரை நோயும் வருகிறது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கு மேல், அதன் வாசலில் நிற்பவர்கள் பதின்மூன்று கோடிக்கு மேல் என்றது அது.

தயவுசெய்து கை மருந்து வேண்டாம்

எனக்குப் பொறுமை போகிற இடம் இதுதான். பயிற்சியின்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால் வயிறும் குடலும் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் எண்ணெயில் ஊறியதைத் திணித்துவிட்டுப் படுத்தால் எதுக்களிக்கும், நெஞ்சு கரிக்கும். உடனே சோடா. அடுத்த நாள் மருந்துக்கடையில் ஜெலுசில், பிறகு மாதக்கணக்காகக் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. யாரும் எழுதிக் கொடுக்காத மாத்திரை, யாரும் நிறுத்தச் சொல்லாத மாத்திரை.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்கிறார்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை நைந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது என்று பொருள். இளநீர் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ஃபேட்டி லிவர் என்று தெரிந்ததும் பேர் ஒட்டாத பச்சிலைப் பொடி, 'ஃபேட் பர்னர்', எலுமிச்சையும் தேனும் கலந்த சுடுதண்ணீர் என்று தொடங்குகிறார்கள். சுடுதண்ணீர் கொழுப்பைக் கரைக்காது, தேனும் சர்க்கரைதான். பொடியில் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாது. ஏற்கெனவே நோகும் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டு மஞ்சள் காமாலையோடு வருகிறார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது நெஞ்சு வலியைக் கேஸ் என்று நினைப்பது. ஜிம் முடித்து, வயிறு நிறையச் சாப்பிட்ட இரவில் மாரடைப்பு வந்தால் அதன் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். தோள் வலித்தால் பளு தூக்கியது, வியர்த்தால் பயிற்சி செய்தது, நெஞ்சை அடைத்தால் பரோட்டா. இப்படியே சோடா குடித்து, வெந்நீர் குடித்து, முதுகை நீவிவிடச் சொல்லி விடிய வைக்கிறார்கள். இதயத் தசை அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருக்கிறது. வந்து சேரும்போது எங்களால் மீட்க முடிவது கொஞ்சம்தான். தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வருகிறது. 'முப்பது வயசுதானே' என்ற தைரியம் வேண்டாம். நெஞ்சின் நடுவே அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கேஸ்தானா என்பதை ஈ.சி.ஜி. எடுத்தபின் நாங்கள் சொல்கிறோம்.

பரிசோதனை

வெளிச் சாப்பாடு பழக்கமாகிவிட்டவர்கள் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கல்லீரல் செயல்பாடு, ரத்தக் கொழுப்பு, ரத்தச் சர்க்கரைக்கான எச்.பி.ஏ.1சி, யூரிக் அமிலம், வயிற்று ஸ்கேன் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்

பயிற்சிக்குப் பிறகு மாவுச்சத்தும் புரதமும் வேண்டும்தான். தசை அந்த நேரத்தில் சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். அதனால் சோறே கூடாது என்று நான் சொல்லவில்லை. பளு தூக்கும் எழுபது கிலோ இளைஞருக்கு ஒரு நாளைக்கு 85 முதல் 110 கிராம் புரதம் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்று அவித்த முட்டையில் 18 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பன்னிரண்டு, ஐம்பது கிராம் சோயாவில் இருபத்தைந்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. அதோடு மீன் குழம்போ, பருப்போ, தயிரோ சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஒரு ஷவர்மாவின் விலைக்குக் கிட்டத்தட்டப் பத்து முட்டை வாங்கலாம்.

கடையில் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பேராசை இல்லை, பசிதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் வேலை முடித்து, ஏழு மணிக்குப் பளு தூக்கி, எட்டரைக்கு வெளியே வந்தால் கிரில் வாசனையை எப்படித் தாண்டுவார்? அதனால் ஐந்தரை மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு வாழைப்பழமும் கடலையும் போதும். ஜிம் பையில் ஒரு டப்பா சுண்டல் இருக்கட்டும். முடித்ததும் முதலில் தண்ணீரோ மோரோ குடியுங்கள். பாதிப் பசி அதிலேயே அடங்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது மணிக்குப் பிள்ளை வரும்போது ஆறிப்போன சோறுதான் இருக்கும் என்றால் அவன் வெளியே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவான். மாவு இருந்தால் இரண்டு தோசை, ஒரு ஆம்லெட், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தையும் அம்மா தலையில் கட்டாமல் பிள்ளைகளே அடுப்படிக்குப் போகப் பழகுங்கள்.

ஜிம் நடத்துகிறவர்களையும் டிரெய்னர்களையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் பத்துத் தடவை சொல்வதை நீங்கள் ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். வரவேற்பு மேசையில் பவுடர் டப்பா அடுக்குகிற இடத்தில் அவித்த முட்டையும் சுண்டலும் வையுங்கள், விற்றுக் காசு பாருங்கள், எனக்கு மகிழ்ச்சிதான். 'மாஸ் ஏத்தணும், எதை வேணா சாப்பிடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு நாள் நண்பர்களோடு பரோட்டா சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் அது திரும்பிப் போகக்கூடியது, அதற்கான பாதிச் சிகிச்சையை ஜிம்மில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். எட்டரை மணிச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முறை வந்து காட்டுங்கள். பீரோவில் வைத்துப் பூட்டிய ரிப்போர்ட்டோடு மூன்று வருடம் கழித்து வராதீர்கள்.