கல்முனையில் நூலகர் எதற்கு?

கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது நூலகர் எதற்கு என்ற கேள்வி கல்முனைக் கரையோரத்திலும் எழுகிறது. நாளிதழ், நாவல், பரீட்சை வினாத்தாள் அளவில் கேள்வி நியாயமே. ஆனால் இவ்வூர்களில் எழுதுவோர் பலர் சொந்தச் செலவில் சில நூறு பிரதிகள்தான் அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழா முடிந்ததும் அவை கைமாறிக் காணாமற்போகின்றன. கிடைத்தாலும், மருதமுனைக் கவிஞரின் தொகுப்பு நூலகங்களின் டூயி பகுப்பில் 894.811 என்ற தமிழிலக்கிய எண்ணுக்குள் கம்பனோடு கலந்துவிடும். அது எந்த ஊர் நூல் என்று தனியே பதிந்து வைப்பவர் நூலகரே. சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல் ‘சுவடி ஆற்றுப்படை’ தொகுதிகளில் இலங்கை முஸ்லிம்களின் நூல்களைப் பட்டியலிட்டார். போதிய அளவு பேசப்படாத பெரும்பணி அது.

மின்னுருவாக்கம் போதாதா என்பார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பல்லாயிரம் ஈழத்து ஆவணங்களை இலவசமாகவே தருகிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் மின்னுருவாக்கவும் ஒரு பிரதி எங்காவது எஞ்சியிருக்க வேண்டுமே! 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் கடலே ஊருக்குள் வந்தது. ஆகவே ஒரே அலுமாரியை நம்ப முடியாது. நூல் வெளியிடுவோரே, முதற்பிரதியைப் பிரமுகருக்குக் கொடுக்கும் அதே மேடையில், ஊர் நூலகத்துக்கு ஒன்றும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்றும் எடுத்து வையுங்கள்.